ஃபைனல் ஃபேண்டசி 8: 9.5 போட்டவர்கள் எந்த விளையாட்டை விளையாடினார்கள்?

11-02-2024, இரவு 10.40

ஒரு கேள்வி. ஃபைனல் ஃபேண்டசி 8 என்ற வீடியோ கேம் ஜப்பானில் கடைக்கு வந்து இன்றோடு 25 வருடம். வந்த வேகத்தில் ஃபாமிட்சு பத்திரிகை 40-க்கு 38 போட்டது. கேம்ஸ்பாட் தளம் 10-க்கு 9.5. ஐஜிஎன் 9. முதல் நான்கே நாளில் ஜப்பானில் மட்டும் 25 லட்சம் விற்றது. இன்றைக்கு இதை விளையாடிய யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். இந்த வரிசையில் ஏழு அருமை, ஒன்பது அருமை, பத்து அழ வைத்துவிட்டது என்பார்கள். எட்டு என்றதும் முகம் மாறும். "ஐயோ, அந்த ட்ரா..." என்று இழுப்பார்கள்.

என் கட்சி இதுதான். 1997-இல் வந்த ஏழாம் பாகத்தின் போதை தெளியாமல் விமர்சகர்கள் மார்க்கை அள்ளி வீசினார்கள். காசு போட்டு வாங்கியவன்தான் உண்மையைச் சொன்னான். மறுப்பு இருந்தால் எழுதுங்கள். கதையின் முடிச்சுகளை எல்லாம் அவிழ்த்துத்தான் பேசப் போகிறேன், இன்னும் விளையாடாதவர்கள் இப்போதே நழுவிவிடலாம்.

11-02-2024, இரவு 11.25

முதல் அடியே சறுக்கல். ஃபாமிட்சு எட்டுக்குப் போட்டது 37. 38 வாங்கியது ஏழு, பின்னால் வந்த ஒன்பதுக்கும் 38. நினைவிலிருந்து எழுதினால் இப்படித்தான். ஆனாலும் இது என் கட்சிக்கு லேசாக உதவுகிறது, அவர்கள் கணக்கிலேயே எட்டு ஒரு படி கீழே.

12-02-2024

"முதலில் நீ முடித்தாயா?" என்று கேட்டிருக்கிறார்கள். முடிக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு ஒரு கதை இருக்கிறது.

2001 முழு ஆண்டு விடுமுறை. மாமா வளைகுடாவிலிருந்து வந்தபோது ஒரு பிளேஸ்டேஷன் வாங்கி வந்தார். கூடவே ஏழெட்டு சிடி. அதில் நான்கு சிடி ஒரே விளையாட்டு என்பதே எங்களுக்கு அதிசயம். மச்சானுக்கு வயது 15, எனக்கு 13. மெமரி கார்டு என்று ஒரு சாமான் தனியாக வாங்க வேண்டும் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆகவே முதல் மூன்று வாரம் தினமும் காலையில் பாலம்ப் கார்டன் என்ற பள்ளியின் மருத்துவ அறையில் கதாநாயகன் ஸ்குவால் நெற்றிக் காயத்தோடு கண் விழிப்பான். நாங்கள் குவிஸ்டிஸ் டீச்சரோடு தீக்குகைக்குப் போய் இஃப்ரிட்டை மடக்குவோம். மத்தியானம் டாலெட் கடற்கரையில் இறங்குவோம். கோபுரத்திலிருந்து அந்தச் சிலந்தி இயந்திரம் துரத்த ஆரம்பிக்கும். கரண்ட் போகும். மறுநாள் மறுபடி மருத்துவ அறை, மறுபடி காயம்.

டாலெட் தெருக்களை எங்கள் தெருவைவிட நன்றாகத் தெரியும் எனக்கு.

கார்டு வந்த பிறகு மூன்றாவது சிடியின் கடைசி வரை போனோம். அங்கே அடெல் என்ற சூனியக்காரி. அவள் உடம்போடு கதாநாயகி ரினோவாவைக் கட்டி வைத்திருப்பார்கள். ரினோவா செத்தால் ஆட்டம் காலி. எங்களுக்குத் தெரிந்த ஒரே வித்தை ஜி.எஃப்.-ஐ, அதாவது நமக்காகச் சண்டை போட வரும் காவல் சக்தியைக் கூப்பிடுவது. ஷிவா வருவாள், பனி கொட்டும், அடெலுக்கும் அடி, ரினோவாவுக்கும் அடி. ரினோவா போய்விடுவாள். இஃப்ரிட் வருவான், அதே கதை. முப்பது தடவையாவது நாங்களே கதாநாயகியைக் கொன்றிருப்போம். பள்ளி திறந்தது. அவ்வளவுதான்.

14-02-2024

நேற்று ரீமாஸ்டர், அதாவது மெருகேற்றிய பதிப்பை வாங்கிவிட்டேன் (2019 செப்டம்பரில் வந்தது). வாயால் சண்டை போடுவதைவிட விளையாடிக்கொண்டே போடலாம் என்று. இனி இந்த இழையில் போகப் போக எழுதுகிறேன்.

ஜங்ஷன் முறை தெரியாதவர்களுக்கு ஒரு சொல். இதில் மந்திரத்துக்குச் செலவாகும் எம்.பி. என்ற மந்திரப் புள்ளி கிடையாது. மந்திரம் ஒரு சரக்கு. ஃபயர் 100, க்யூர் 100 என்று ஒவ்வொரு ஆளும் சேர்த்து வைக்கலாம், ஒரு வகைக்கு 100-தான் உச்சம். சேர்த்ததை ஜி.எஃப். வழியாக உங்கள் பலத்தோடு, உயிரோடு, வேகத்தோடு இணைக்கிறீர்கள். நூறு இருந்தால் முழுப் பலன், செலவழித்தால் பலன் குறையும். வங்கியில் போட்ட டெபாசிட் மாதிரி. ஆகவே மந்திரவாதிகள் நிறைந்த உலகத்தில் யாரும் மந்திரம் போடாமல் கஞ்சத்தனமாக உட்கார்ந்திருக்கும் கூத்து.

சேர்ப்பது எப்படி? எதிரியிடமிருந்து "ட்ரா" செய்து. ஒரு இழுப்புக்கு அதிகம் போனால் ஒன்பது. மூன்று பேருக்கும் நூறு நூறு வேண்டும். அடி பம்பில் டம்ளர் டம்ளராகப் பிடித்து அண்டாவை நிரப்புகிற வேலை. நடுவில் எதிரி வேறு அடித்துக்கொண்டிருப்பான். நாங்கள் அந்த விடுமுறையில் செய்தது இதைத்தான். இதைத்தான் எல்லோரும் திட்டுகிறார்கள். 1999 விமர்சனங்களிலேயே ட்ரா நேரம் தின்கிறது என்ற முணுமுணுப்பு உண்டு, ஆனால் மார்க்கைக் குறைக்கும் அளவுக்குச் சத்தமாக இல்லை.

16-02-2024, காலை

தூங்கவில்லை. விளக்கப் பெட்டிகளை இந்த முறை வரி வரியாகப் படித்தேன். 13 வயதில் என் ஆங்கிலத்துக்கு அவை பெரிய மலை, கட்டை விரலால் எக்ஸ் பொத்தானை அழுத்தி அழுத்தித் தள்ளிவிட்டுச் சண்டைக்கு ஓடுவோம்.

படித்தால் தெரிகிறது, ட்ரா என்பது இந்த விளையாட்டின் மிக மோசமான வழி. க்வெசாகோட்ல் என்ற முதல் ஜி.எஃப்.-க்கே "கார்டு" என்று ஒரு திறமை. எதிரியைச் சாகடிக்காமல் சீட்டாக மாற்றலாம். சீட்டைப் பொருளாக மாற்றலாம். பொருளை மந்திரமாக மாற்றலாம். டாலெட் கோபுரத்தில் சைரன் கிடைக்கிறாள், அவளுக்கு ஒரு திறமை கற்றுக்கொடுத்தால் கடையில் விற்கிற ஒரு டென்ட் பத்து குராகா (உயிரைக் கூட்டும் பெரிய மந்திரம்) ஆகிறது. பத்து டென்ட் வாங்கினால் நூறு. அதை உயிரோடு இணைத்தேன். முதல் சிடியிலேயே எச்.பி. (உயிர்ப் புள்ளி) எங்கேயோ போய் நிற்கிறது. ஒரு டம்ளர்கூடப் பிடிக்கவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம். எதிரிகளின் லெவல் நம் ஆட்களின் சராசரி லெவலைப் பார்த்து ஏறுகிறது. நாம் பயிற்சி செய்து லெவல் ஏறினால் அவர்களும் ஏறுவார்கள். லெவல் ஏறுவதால் நமக்குக் கிடைப்பதோ சில்லறை, உண்மையான பலம் ஜங்ஷனில் இருக்கிறது. எதிரியைச் சீட்டாக மாற்றினால் அனுபவப் புள்ளி கிடையாது, ஆனால் ஜி.எஃப்.-கள் திறமைகளைக் கற்றுக்கொள்ள வேண்டிய ஏ.பி. என்ற புள்ளி கிடைக்கும். சீட்டாக மாற்றிக்கொண்டே போனால் நாம் பலசாலி, எதிரி குழந்தை.

நாங்கள் அந்த விடுமுறையில் டாலெட்டுக்கு முன்னால் காட்டில் நாள் முழுக்கச் சண்டை போட்டு லெவல் ஏற்றினோம். ஏழாம் பாகம் அப்படித்தான் கற்றுக்கொடுத்தது, அதற்கு முன் வந்தவை எல்லாம் அப்படித்தான் கற்றுக்கொடுத்தன. எங்கள் உழைப்பு எல்லாம் எதிரிக்குச் சத்துணவு போட்டிருக்கிறது.

16-02-2024, மாலை

மேலே எழுதியதில் ஒன்று. டாலெட்டில் சைரனை எதிரியிடமிருந்து ட்ரா செய்துதான் எடுக்க வேண்டும், தவறவிட்டால் போனது போனதுதான் என்று ஒருவருக்குப் பதில் எழுதியிருந்தேன். தவறு. நான்காம் சிடியில், கடைசிக் கோட்டையில், இன்னொரு எதிரியிடம் அவள் இருக்கிறாள். ஆனால் கல்யாணம் முடிந்து பந்தி எடுத்த பிறகு வாழையிலை கிடைத்த மாதிரிதான் அது.

19-02-2024

இப்போது ஒரு யோசனை, என் முதல் நாள் கட்சிக்கு எதிராக நானே போடுவது.

விமர்சகன் எப்படி விளையாடுவான்? கெடு நெருங்குகிறது. நான்கு சிடி. அவனுக்குக் காட்டில் சுற்ற நேரமில்லை. எதிரி வந்தால் எல்2, ஆர்2 இரண்டையும் அழுத்திப் பிடித்து ஓடுவான். முக்கியச் சண்டைக்கு ஜி.எஃப்.-ஐக் கூப்பிடுவான். ஆகவே அவன் லெவல் ஏறாது, எதிரி லெவலும் ஏறாது. விளையாட்டு வழுக்கிக்கொண்டு போகும். டாலெட் கடற்கரையில் படகுகள் வந்து மோதுவது, பட்டமளிப்பு விழாவில் ரினோவா ஸ்குவாலை இழுத்துக்கொண்டு போய் ஆடுவது, கார்டன் என்கிற பள்ளிக்கூடமே வானத்தில் எழும்பிப் பறப்பது என்று ஒரு சினிமா பார்த்த மயக்கத்தில் 9.5 போட்டிருப்பான். பொய் சொல்லவில்லை. அவன் விளையாடிய விளையாட்டு 9.5-தான்.

விசுவாசமான ரசிகன், காசு கொடுத்தோமே என்று ஒவ்வொரு மூலையையும் துருவியவன், நூறு மணி நேரம் கொட்டியவன், அவனுக்குத்தான் அடி. பொறுப்பாக விளையாடியவனைத் தண்டிக்கிற விளையாட்டு இது. சோம்பேறியையும் தந்திரக்காரனையும் மடியில் வைத்துக் கொஞ்சுகிறது.

நான் பொறுப்பான பையனாக இருந்தேன் என்பதை வீட்டில் யாராவது நம்பினால் சொல்லுங்கள்.

20-02-2024

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். கொஞ்சம் கூசுகிறது. "நீ தப்பாக விளையாடினாய்" என்று சொல்லி ஒரு விளையாட்டைக் காப்பாற்றுவது கேவலமான வேலை. சினிமா ஓடவில்லை என்றால் ரசிகனுக்கு ரசனை இல்லை என்கிற இயக்குநர் மாதிரி. எதிரி நம்மோடு சேர்ந்து ஏறுவான் என்பதை விளையாட்டு முகத்துக்கு நேராக உறைக்கிற மாதிரி எங்கே சொல்கிறது? ட்ராவை முதல் சண்டையிலேயே கையில் கொடுத்துப் பழக்குகிறது. டென்ட்டை குராகா ஆக்கும் வித்தையை மெனுவுக்குள் மெனுவுக்குள் மெனுவாகப் புதைத்து வைக்கிறது. மோசமான வழியை வாசலில் வைத்துவிட்டு நல்ல வழியைக் கொல்லைப்புறத்தில் வைத்தால் வந்தவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது.

கிடாசே (இயக்குநர் யோஷினோரி கிடாசே) குழுவுக்குத் துணிச்சல் இருந்தது, அதை மறுக்க மாட்டேன். ஏழு அத்தனை கோடி சம்பாதித்த பிறகு அதையே திரும்பச் செய்திருக்கலாம். கவசம் கிடையாது, எம்.பி. கிடையாது, எதிரியைக் கொன்றால் காசு கிடையாது. காசு சம்பளமாக வருகிறது! நடக்க நடக்க, ராணுவத்தில் பதவிக்கு ஏற்ற சம்பளம், பதவி உயர எழுத்துத் தேர்வு. டிஎன்பிஎஸ்சி எழுதிக்கொண்டிருக்கும் தம்பியிடம் இதைச் சொன்னேன். "அண்ணே, விளையாட்டுலயுமா?" என்றான்.

24-02-2024

மூன்று நாளாகக் கதை ஒரு அடி நகரவில்லை. சீட்டு.

ட்ரிபிள் ட்ரையாட் என்று உள்ளே ஒரு சீட்டாட்டம். மூன்றுக்கு மூன்று கட்டம், ஆளுக்கு ஐந்து சீட்டு, நாலு பக்கமும் எண். பக்கத்துச் சீட்டைவிட நம் எண் பெரிதானால் அது நம் நிறத்துக்கு மாறும். அவ்வளவுதான். பெரிய சூனியக்காரி உலகத்தை அழிக்கக் கிளம்பிவிட்டாள், நான் பாலம்ப் கடலோர வீட்டில் கூட்டாளி ஸெல்லின் அம்மாவிடம் சீட்டு ஆடிக்கொண்டிருக்கிறேன். எட்டைத் திட்டுகிறவர்கள்கூட இந்தச் சீட்டைத் திட்டி நான் கேட்டதில்லை. சிறுவயதில் இதையும் நாங்கள் தொடவே இல்லை. சீட்டு விளையாடினால் மாமாவுக்குப் பிடிக்காது, டிவியில் ஆடினாலும்.

25-02-2024

ரேண்டம் விதி பரவிவிட்டது. இன்று யாரும் என்னோடு பேச வேண்டாம்.

26-02-2024

"ரேண்டம் என்றால் என்ன?" என்றவருக்கு. ஒவ்வொரு ஊருக்கும் சீட்டாட்ட விதி வேறு. ஒரு ஊரில் ஆடிவிட்டு அடுத்த ஊருக்குப் போய் ஆடினால் பழைய ஊர் விதியும் ஒட்டிக்கொண்டு வரும், ஜலதோஷம் மாதிரி. ரேண்டம் ஒட்டிக்கொண்டால் உங்கள் ஐந்து சீட்டை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, கையிருப்பிலிருந்து விளையாட்டே குத்துமதிப்பாக எடுக்கும். அரும்பாடுபட்டுச் சேர்த்த நல்ல சீட்டு தூங்கும், கழிசடை ஐந்து கைக்கு வரும். ஒரு ஊரையே நோய் பிடித்த மாதிரி ஆக்கிவிட்டேன். சுத்தம் செய்ய வழி உண்டு, ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும்.

03-03-2024

ஸ்குவாலைப் பற்றி. எட்டைப் பிடிக்காதவர்கள் இரண்டாவதாகச் சொல்வது இவனைத்தான். எதற்கெடுத்தாலும் "...வாட்டெவர்". திமிர் பிடித்தவன். குவிஸ்டிஸ் மனசு விட்டுப் பேச வரும்போது, போய்ச் சுவரிடம் பேசு என்கிறான். 13 வயதில் எனக்கும் அதே எண்ணம்தான். மச்சான் அவனுக்கு வைத்த பெயர் "ஊமைக் கோட்டான்".

இப்போது பார்த்தால் ஸ்குவால் ஓயாமல் பேசுகிறான். எல்லாம் அடைப்புக்குறிக்குள், அவன் மனதில். யாரும் கூப்பிடாத கூட்டத்துக்கு மனதுக்குள்ளேயே பதில் சொல்கிறான், கோபப்படுகிறான், மற்றவர்கள் தன்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று வேகிறான், நான் செத்தால் என்னைப் பற்றியும் இறந்தகாலத்தில் பேசுவார்களா என்று பயப்படுகிறான். அவ்வளவும் ஓடி முடித்த பிறகு வாயிலிருந்து விழுவது அந்த ஒரு சொல். எங்கள் அரைகுறை ஆங்கிலத்தில் நாங்கள் நீளமான வரிகளை எல்லாம் தள்ளிவிட்டோம், படிக்க எளிதான ஒற்றைச் சொல் மட்டும் மிஞ்சியது. ஊமை அவனில்லை, எங்கள் கட்டை விரல்தான் அவன் வாயை அடைத்தது.

ஆங்கிலம் தாய்மொழியான லட்சக்கணக்கான பேருக்கும் அவன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும் பையனாகத்தான் தெரிந்திருக்கிறான், ஆகவே எல்லாப் பழியையும் என் ஆங்கிலத்தின் மேல் போட முடியாது. 17 வயதுப் பையன் மனசுக்குள் புலம்புவதைப் பார்க்க 17 வயதுக்காரர்களுக்கே கூச்சமாக இருந்திருக்கும்.

10-03-2024

அனாதை இல்லம். பல்லைக் கடித்துக்கொண்டு இதற்கு வருகிறேன்.

இரண்டாம் சிடி. குண்டு விழுந்து சிதைந்த ட்ராபியா கார்டனின் கூடைப்பந்து மைதானத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். கூட்டத்தில் ஒருவனான இர்வைன் வாயைத் திறக்கிறான். ரினோவாவைத் தவிர நாம் எல்லோரும் ஒரே அனாதை இல்லத்தில் வளர்ந்தவர்கள், நாம் கொல்லப் போகிற எடியாதான் நம்மை வளர்த்த அம்மா. ஆளுக்கொரு நினைவு வருகிறது. இத்தனை நாள் ஏன் மறந்தோம்? ஜி.எஃப். மூளையில் இடம் பிடித்து நினைவைத் தின்றுவிடுகிறது.

சிறுவயதில் எங்களுக்கு இது பெரிய அதிர்ச்சியே இல்லை. பிரிந்த அண்ணன் தம்பிகள் ஒரு பாட்டைக் கேட்டு ஒன்று சேர்கிற படங்களைப் பார்த்து வளர்ந்த வீடு. மச்சான் சாப்பிட்டுக்கொண்டே "மச்சம் காட்டலையா?" என்றான். மேலைநாட்டு ரசிகர்களுக்குத்தான் இந்த இடத்தில் சோறு இறங்கவில்லை. இருபத்தைந்து வருடமாகக் கேலி செய்கிறார்கள்.

இந்த முறை எனக்கும் இறங்கவில்லை, ஆனால் வேறு காரணத்துக்கு. நினைவைத் தின்கிறது என்று தெரிந்த பிறகு, எல்லோரும் கொஞ்ச நேரம் சோகமாக இருந்துவிட்டு, பரவாயில்லை, தொடர்ந்து பயன்படுத்துவோம் என்கிறார்கள். இவ்வளவு நல்ல யோசனையை வைத்துக்கொண்டு விளையாட்டில் அதனால் எதுவுமே நடக்கவில்லை. ஷிவாவை நூறு தடவை கூப்பிட்டால் ஸ்குவால் ஏதாவது ஒன்றை மறக்க வேண்டாமா? ஒரு ஊர்ப் பெயரையாவது? ஜங்ஷனைக் கணக்காக யோசித்தவர்களும் கதையை எழுதியவர்களும் வேறு வேறு அறையில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

17-03-2024

ரசிகர்கள் கட்டிய இரண்டு கோட்பாடுகளைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். ஒன்று, முதல் சிடி முடிவில் எடியா எறிந்த பனி ஈட்டியில் ஸ்குவால் செத்துவிட்டான், மீதி மூன்று சிடியும் சாகும் தறுவாயில் காண்கிற கனவு. இரண்டு, கடைசி வில்லி அல்டிமீசியா எதிர்காலத்து ரினோவாதான்.

கிடாசே 2017-இல் ஒரு பேட்டியில் இரண்டையும் மறுத்துவிட்டார். ஈட்டி பட்டது தோளில், ஆள் சாகவில்லை. ரினோவா விஷயம், அப்படி ஒரு எண்ணமே தனக்கு இருந்ததில்லை.

மறுத்தது எனக்குச் சின்ன ஏமாற்றம். இரண்டாவது கோட்பாடு உண்மையாக இருந்தால் மூன்றாம் சிடியில் திடீரென்று முளைக்கிற அந்த வில்லிக்கு ஒரு வேர் கிடைக்கும். கனவுக் கோட்பாடு அப்படியில்லை, அது சோம்பேறித்தனம். ஆனால் அது ஏன் பிறந்தது என்று புரிகிறது. நெஞ்சுப் பக்கம் ஈட்டி பாய்ந்த பையன் அடுத்த சிடியில் சிறையில் காயமே இல்லாமல் எழுந்து உட்கார்ந்தால் ரசிகன் என்னதான் செய்வான்? அவனே காரணம் கண்டுபிடித்தான்.

18-03-2024

பாட்டைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை என்று சண்டைக்கு வருகிறார்கள். இசை நோபுவோ உயெமட்சு. போதுமா? சரி, இன்னும் கொஞ்சம். ஃபே வாங் பாடிய பாட்டு ஜப்பானின் கோல்டு டிஸ்க் விருது வாங்கியது, வெளிநாட்டுப் பாடல் பிரிவில். தொடக்கக் காட்சியின் லத்தீன் கூட்டுப்பாட்டுக்கு 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பெண்கள் இணை நீரில் நடனமாடி வெண்கலம் வாங்கியது. அதில் திரும்பத் திரும்ப வரும் "ஃபிதோஸ் லூசெக் வெகோஸ் வினோசெக்" மட்டும் லத்தீன் கிடையாது, "சூனியக்காரிகளின் வாரிசு வரிசை", "காதல்" என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டது. நாங்கள் அதை "பித்தளை லோட்டா" என்று பாடிக்கொண்டிருந்தோம்.

30-03-2024

முதல் நாள் போட்ட கட்சியை இன்று முழுதாகக் கைவிடுகிறேன்.

ஒருவர் 2006 ஃபாமிட்சு வாசகர் பட்டியலை நினைவூட்டினார். எல்லாக் காலத்துக்குமான 100 விளையாட்டுகள், வாசகர்கள் வாக்குப் போட்டது. முதலிடம் ஃபைனல் ஃபேண்டசி 10, இரண்டாமிடம் 7. நான் திட்டப்பட்டது என்று சொல்லிக்கொண்டிருக்கிற எட்டு 22-ஆம் இடம். வெளிவந்து ஏழு வருடம் ஆன பிறகு, காசு கொடுத்து வாங்கியவர்களே போட்ட வாக்கு. 2003 மார்ச் வரை உலகம் முழுக்க 81.5 லட்சம் விற்றிருந்தது. ஆக, வாங்கியவன் திட்டினான் என்று நான் சொன்னது ஆங்கில இணையத்தில் திட்டியவன் சத்தம் எனக்குக் கேட்டது என்பதுதான். விரும்பியவர்கள் பேசாமல் இருந்துவிட்டார்கள். ஸ்குவாலின் ரசிகர்கள் வேறு எப்படி இருப்பார்கள்?

இன்னொரு திருத்தமும். விமர்சன மார்க்குகளைத் திரட்டும் மெடாக்ரிடிக் தளத்தில் 90 இருக்கிறதே, அது 1999-இன் தீர்ப்பு என்று ஒரு பதிலில் எழுதியிருந்தேன். அந்தத் தளம் தொடங்கியதே 2001-இல். பழைய விமர்சனங்களைப் பின்னால் திரட்டிப் போட்ட சராசரி. ஏழுக்கு 92, ஒன்பதுக்கு 94. 90-ஐ வைத்துக்கொண்டு இதைத் தோல்விப் படம் மாதிரி பேசிக்கொண்டிருந்தேன் என்பதே சிரிப்பாக இருக்கிறது. பள்ளியில் 90 வாங்கிய பையனை, அண்ணன் 92, தம்பி 94 என்று சொல்லி அடிக்கிற வீடுகள் நமக்குத் தெரியாததா.

07-04-2024

ஒரு குற்ற உணர்ச்சி. ரீமாஸ்டரில் மும்மடங்கு வேகப் பொத்தான் இருக்கிறது. எதிரியே வராமல் செய்யும் பொத்தான் இருக்கிறது. இரண்டையும் தாராளமாக அழுத்துகிறேன். ஈடன் என்ற ஜி.எஃப். வந்து அடித்துவிட்டுப் போக ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும், அதை மும்மடங்கில் பார்த்தால் பல் துலக்கும் அவசரம் மாதிரி இருக்கிறது. ட்ராவும் அப்படியே, டம்ளர் இல்லை, இப்போது மோட்டார்.

ஆகவே "இப்போது விளையாடினால் எட்டு அவ்வளவு மோசமில்லையே" என்று நானும் என்னைப் போன்றவர்களும் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 1999-இல் வாங்கியவனுக்கு அந்தப் பொத்தான் கிடையாது. இன்றைய நல்ல பெயரில் ஒரு பங்கு அந்தப் பொத்தானுக்குப் போக வேண்டும்.

பார்வைக்கு ரீமாஸ்டர் அரைகுறைதான். ஆட்களின் முகம் கண்ணாடி மாதிரி தெளிவு, பின்னணிப் படம் பழைய மங்கல். புது வேட்டி கட்டிக்கொண்டு பழைய போட்டோவுக்கு முன்னால் நிற்கிற மாதிரி இருக்கிறது ஸ்குவாலைப் பார்த்தால்.

14-04-2024

புத்தாண்டு. மாங்காய்ப் பச்சடி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். அடெல்.

ஜி.எஃப். யாரையும் கூப்பிடவில்லை. மூன்று பேரும் பலத்தோடு ஒட்டிய மந்திரத்தோடு வெறுமனே "அட்டாக்". அம்பு அடெலைக் காட்டுகிறதா என்று ஒவ்வொரு முறையும் இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். ரினோவாவின் உயிரை அவள் உறிஞ்ச, நான் ரினோவாவுக்குக் குராகா போட, ஐந்து நிமிடத்தில் முடிந்தது. 23 வருடம் நின்றிருந்த கதவு. மும்மடங்குப் பொத்தானை இந்தச் சண்டைக்கு மட்டும் அழுத்தவில்லை.

மச்சானுக்கு ஒரு வரி அனுப்பினேன்: "அடெல் காலி. ரினோவா உயிரோட இருக்கா." மூன்று மணி நேரம் கழித்துப் பதில்: "யாருடா ரினோவா?"

16-04-2024

முடித்துவிட்டேன்.

கடைசிச் சண்டையில் யார் மூன்று பேர் என்பதை விளையாட்டே குலுக்கி எடுக்கிறது. ஸ்குவால், ரினோவா, ஸெல் என்று மூவரை மட்டும் வளர்த்தவன் அங்கே தலையில் கை வைப்பான். எனக்கு முதலில் வந்தது செல்ஃபி, குவிஸ்டிஸ், இர்வைன். சீட்டு புண்ணியத்தில் எல்லோரிடமும் சரக்கு இருந்தது, தப்பித்தேன்.

முடிவுக் காட்சியைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். விருந்து நடக்கிறது, கையில் வீடியோ கேமரா, ஸெல் ரொட்டியை வாயில் அடைத்துக்கொண்டு விக்குகிறான், பேட்டரி தீர்ந்து படம் நிற்கிறது. அந்தப் பேட்டரி விஷயத்தில்தான் எனக்குக் கண் கலங்கியது. நடுவில் கரண்ட் போகிற வாழ்க்கையை யாரோ ஜப்பானில் இருந்துகொண்டு புரிந்துகொண்ட மாதிரி.

மார்க் கேட்கிறீர்கள். 8. ட்ராவுக்காக ஒன்று, மறந்துபோன மறதிக்காக ஒன்று குறைத்தேன். சீட்டுக்காக ஒன்று கூட்டினால் ஐஜிஎன் கணக்கே வந்துவிடுகிறது. கூட்ட மாட்டேன், எனக்கும் மானம் இருக்கிறது.

27-04-2024

இதைப் படித்த யாரோ சொல்லி மச்சானுக்கு இந்த இழை போய்ச் சேர்ந்துவிட்டது. மாமா சீட்டுக்குத் தடை போட்ட விஷயத்தை எழுதியதற்கு முதலில் திட்டு. அப்புறம் அவனும் வாங்கிவிட்டானாம். நேற்று இரவு பதினொன்றரைக்குப் போன் செய்தான். குரலில் 15 வயது.

"டேய், தீக்குகைக்கு எத்தனை நிமிஷம் எடுக்கணும்? பத்தா, நாப்பதா?"

"நாம அப்ப நாப்பது எடுத்தோம் மச்சான்."

"நான் பத்து போட்டுட்டேன். அது சரி, நடுவுல ஏதோ பெட்டி பெட்டியா விளக்கம் வந்துச்சு, எல்லாத்தையும் அழுத்தித் தள்ளிட்டேன். பரவாயில்லைல?"